ஏப்ரஹாம்சன் திரைக்கதை எழுதுவதில்லை. அப்படியானால் அந்தப் பார்வை யாருடையது?

கடைசிவரிசை:

போன வாரம் முழுக்க அயர்லாந்தின் சுதந்திர இயக்குநர் (பெரிய ஸ்டூடியோக்களைச் சாராதவர்) லென்னி ஏப்ரஹாம்சன் படங்கள்தான். வந்த வரிசையிலேயே பார்த்து முடித்தேன். 'ஆடம் அண்ட் பால்' (2004), 'கராஜ்' (2007), 'வாட் ரிச்சர்ட் டிட்' (2012), 'ஃப்ராங்க்' (2014), 'ரூம்' (2015), 'தி லிட்டில் ஸ்ட்ரேஞ்சர்' (2018). அதற்கப்புறம் 2020-ல் வந்த 'நார்மல் பீப்பிள்' தொடர்.

ஒரு விஷயம் மண்டையைக் குடைகிறது. இந்த ஆறு படத்தில் ஒன்றில்கூட திரைக்கதை என்று அவர் பெயர் வராது. முதல் இரண்டும் மார்க் ஓஹாலரன் எழுதியவை. ரிச்சர்டுக்கு மால்கம் கேம்ப்பெல். ஃப்ராங்குக்கு ஜான் ரான்சனும் பீட்டர் ஸ்ட்ராகனும். 'ரூம்' நாவலை எழுதிய எமா டானஹியூவே அதன் திரைக்கதையையும் எழுதினார். கடைசிப் படம் லூசிண்டா காக்ஸன். கதை, திரைக்கதை, வசனம், இயக்கம் என்று நான்கும் ஒரே பெயரில் வந்தால்தான் 'இது இவருடைய படம்' என்று சொல்லிப் பழகியவர்கள் நாம். ஆனால் இந்த ஆறில் எதை எடுத்துப் பாதியிலிருந்து ஓடவிட்டாலும் பத்து நிமிடத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடலாம். அது எப்படி?

எனக்குப் பட்டதைச் சொல்கிறேன். 'கராஜ்' பார்க்காதவர்கள் இந்தப் பத்தியைத் தாண்டிப் போய்விடுங்கள். ஜோசி ஒரு கிராமத்து பெட்ரோல் பங்கில் வேலை செய்கிறவன். அங்கேயே பின்னால் ஓர் அறையில்தான் படுக்கை. ஊரே அவனைக் கேலி செய்யும், அவனுக்கு அது கேலி என்றே தெரியாது. உதவிக்கு வந்த பதினைந்து வயதுப் பையனோடு பீர் குடிக்கிறான். லாரிக்காரர் ஒருவர் தந்த ஆபாச வீடியோவைக் கள்ளமில்லாமல் அவனுக்குக் காட்டிவிடுகிறான். விஷயம் போலீஸுக்குப் போகிறது. விசாரணைக் காட்சியில் கேள்வி கேட்டதும் மறைக்காமல் ஒப்புக்கொள்கிறான். வேறு யாராக இருந்தாலும் பதில் வந்ததும் கத்தரித்து அடுத்த காட்சிக்கு ஓடியிருப்பார்கள். இங்கே கேமரா அவன் முகத்தை விட்டு நகராது. தான் என்ன செய்தோம் என்பது அந்த மனிதனுக்குள் இறங்க எவ்வளவு நேரம் ஆகுமோ அவ்வளவு நேரம் நாமும் உட்கார்ந்திருக்க வேண்டும். வசனம் முடிந்த பிறகு வரும் அந்த நேரம்தான் இவருடைய எழுத்து என்று நினைக்கிறேன். உங்களுக்கு எப்படித் தோன்றுகிறது?

லிஃபிக்கரை:

டப்ளினுக்கு வந்து பதினொரு வருடம் ஆகிறது, மருத்துவமனையில் செவிலியர் வேலை. 'ஆடம் அண்ட் பால்' நான் இங்கே வந்த பிறகுதான் பார்த்தேன். பார்த்த நாளிலிருந்து இந்த ஊர் எனக்கு வேறு மாதிரி ஆகிவிட்டது.

லிஃபி நதியோரம் ஒரு மரப்பலகை நடைபாதை உண்டு. நைட் டூட்டி முடிந்து காலையில் அந்த வழியாகத்தான் பஸ் பிடிக்கப் போவேன். அங்கே உட்கார்ந்திருப்பவர்களை முதல் வருடமெல்லாம் ஏறிட்டுப் பார்க்கவே மாட்டேன், பையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு வேகமாக நடப்பேன். அந்தப் படத்தின் தொடக்கம் ஞாபகம் இருக்கிறதா? பொட்டல் வெளியில் ஒரு பழைய மெத்தை. ஆடம் கண் விழிக்கிறான், எழ முடியவில்லை. யாரோ அவன் சட்டையை மெத்தையோடு பசை வைத்து ஒட்டிவிட்டிருக்கிறார்கள். பால் அவனைப் பிய்த்து எடுக்கப் பார்க்கிறான். சிரிப்பு வருகிறது. சிரித்துக்கொண்டே அவர்களுக்குப் பக்கத்தில் போய்விடுகிறோம். அதற்குப் பிறகு அந்த இரண்டு ஹெராயின் அடிமைகளை விட்டு நம்மால் விலக முடியாது. ஒரே ஒரு நாள், ஊர் முழுக்க ஒரு டோஸுக்காக அலைகிறார்கள், படம் அவ்வளவுதான். அது எடுத்த காலம் அயர்லாந்தில் காசு கொழித்த 'கெல்டிக் புலி' காலம் என்று இங்கே கூட வேலை செய்கிறவர்கள் சொல்வார்கள். எங்கே பார்த்தாலும் புதுக் கட்டடம், புதுக் கார். அந்த வெளிச்சத்துக்கு நடுவில் இந்த இரண்டு பேரைத் தேடிப் பிடித்திருக்கிறார்.

பெஞ்சில் ஒரு பல்கேரியர் உட்கார்ந்திருப்பாரே, அந்தக் காட்சி எனக்கு உயிர். இவர்கள் அவரை ருமேனியனா என்று கேட்க அவருக்குக் கோபம் வருகிறது. நீ எதற்கு இங்கே வந்தாய் என்கிற மாதிரிக் கேட்கிறார்கள். அவர் அதே கேள்வியைத் திருப்பிப் போடுகிறார்: நீங்கள் இரண்டு பேரும் இங்கே எதற்கு இருக்கிறீர்கள்? பிறந்த ஊரிலேயே அந்தக் கேள்விக்கு அவர்களிடம் பதில் இல்லை. வெளிநாட்டிலிருந்து வந்தவளுக்கு அந்தக் காட்சி எப்படிக் குத்தும் என்று யோசித்துப் பாருங்கள்.

இப்போது அந்த நடைபாதையில் போகும்போது காலை வணக்கம் சொல்கிறேன். சிலர் திருப்பிச் சொல்வார்கள்.

பழையரீல்:

லிஃபிக்கரை, அந்தப் பல்கேரியராக நடித்தவர் யார் தெரியுமா அம்மா? இயான் கராமித்ரு. ருமேனியாவின் பெரிய நாடக நடிகர், அந்த நாட்டின் பண்பாட்டு அமைச்சராகவே இருந்தவர். ருமேனியன் என்றால் கோபப்படும் பல்கேரியராக ஒரு ருமேனியர்!

பாலாக நடித்த டாம் மர்ஃபியையும் சொல்லாமல் இருக்க முடியாது. 1998-ல் பிராட்வேயில் டோனி விருது வாங்கிய மேடை நடிகர். 2007-ல், 39 வயதில் போய்ச் சேர்ந்துவிட்டார். ஆடமாக நடித்தவர் எழுத்தாளர் ஓஹாலரனேதான்.

தம்பி கடைசிவரிசையின் கேள்விக்கு வருகிறேன். இவர் பாதையைப் புரிந்துகொள்ளக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1966-ல் டப்ளினில் ஒரு யூதக் குடும்பத்தில் பிறந்தவர். ட்ரினிட்டி கல்லூரியில் இயற்பியல் படிக்கப் போய்த் தத்துவத்துக்கு மாறினார். அங்கேதான் எட் கைனி என்ற நண்பர் கிடைத்தார். இருவரும் சேர்ந்து கல்லூரியில் வீடியோ சங்கம் ஆரம்பித்தார்கள். 1991-ல் '3 ஜோஸ்' என்ற கறுப்பு வெள்ளைக் குறும்படம். பின்னாளில் பெரிய நடிகரான டொமினிக் வெஸ்ட் அதில் மூன்று ஜோக்களில் ஒருவர். படம் நன்றாகப் பேசப்பட்டது. அப்புறம்? அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டுக்கு, தத்துவத்தில் முனைவர் பட்டத்துக்குப் போனவர், பாதியில் விட்டுவிட்டு ஊர் திரும்பிவிட்டார்.

முதல் முழுநீளப் படம் 2004-ல். நடுவில் பதின்மூன்று வருடம். சோம்பல் என்று நினைக்க வேண்டாம். படங்களுக்குப் பண உதவி செய்யும் ஐரிஷ் திரைப்பட வாரியத்தை அரசு 1987-ல் மூடிவிட்டது. 1993-ல் அன்றைய அமைச்சர் மைக்கேல் டி. ஹிக்கின்ஸ்தான் (பின்னாளில் குடியரசுத் தலைவர் ஆனவர்) அதை மறுபடி திறந்தார். குறும்படம் எடுத்துவிட்டு அந்தப் பையன் நின்ற இடத்தில் கதவே கிடையாது. கதவு திறந்த பிறகும் வரிசை நீளம். அந்த வருடங்களில் அவர் விளம்பரப் படம் எடுத்துத்தான் சாப்பிட்டார், கார்ல்ஸ்பெர்க் பியர் விளம்பரங்கள் உட்பட. 'ஆடம் அண்ட் பால்' தயாரித்த ஜானி ஸ்பியர்ஸ் விளம்பரத் துறையில் கிடைத்த தொடர்புதான்.

விளம்பரம் எடுத்தவர் கையில் இவ்வளவு பொறுமை எப்படி வந்தது என்று கேட்கிறீர்களா? முப்பது விநாடிக்குள் எல்லாவற்றையும் சொல்லியாக வேண்டும் என்று வருடக்கணக்கில் வேலை பார்த்தவனுக்குத்தான் சொல்லாமல் விடுவதன் ருசி தெரியும். இது என் கணிப்புதான், ஆனால் அழுத்தமாக நம்புகிறேன்.

ஒட்டும்கத்திரியும்:

படத்தொகுப்பு உதவியாளராக இருக்கிறேன். என் பக்கத்திலிருந்து ஒன்று.

ஒளிப்பதிவாளர் பட்டியலைப் பாருங்கள். 'ஆடம் அண்ட் பால்' ஜேம்ஸ் மேதர், 'கராஜ்' பீட்டர் ராபர்ட்சன், ரிச்சர்டுக்கு டேவிட் கிரெனன், ஃப்ராங்குக்குத் திரும்ப மேதர், 'ரூம்' டேனி கோஹன். ஆள் மாறிக்கொண்டே இருக்கிறார். எழுத்தாளர் மாறிக்கொண்டே இருக்கிறார். மாறாதவர் யார்? இசைக்கு ஸ்டீபன் ரென்னிக்ஸ், முதல் படத்திலிருந்து 'நார்மல் பீப்பிள்' வரை. எடிட்டிங்குக்கு முதல் இரண்டில் இசபெல் ஸ்டீபன்சன், 'வாட் ரிச்சர்ட் டிட்'டிலிருந்து நேதன் நியூஜெண்ட். தயாரிப்பில் 'கராஜ்' முதல் எட் கைனி. ஆக, கண்ணை மாற்றுகிறார். காதை மாற்றுவதே இல்லை, கத்தரிக்கோலை ஒரே ஒரு முறைதான் மாற்றினார். கடைசிவரிசை சொன்ன அந்த 'வசனத்துக்குப் பிந்திய நேரம்' பிறப்பது எடிட் மேசையில்தான். ஒரு ஷாட்டை எங்கே விடுவது என்று மூன்று பேர் வருடக்கணக்காகச் சேர்ந்து உட்கார்ந்தால் அதுவே ஒரு மொழி ஆகிவிடும்.

'வாட் ரிச்சர்ட் டிட்' பார்த்தவர்கள் அப்பாவிடம் சொல்லும் இடத்தை மறுபடி போட்டுப் பாருங்கள். ரிச்சர்ட் ரக்பி ஆடும் பணக்கார வீட்டுப் பையன், எல்லோருக்கும் பிடித்தவன். ஒரு பார்ட்டிக்கு வெளியே நடந்த அடிதடியில் அவன் விட்ட உதையோடு இன்னொரு பையன் செத்துப்போகிறான். அப்பாவாக லார்ஸ் மிக்கெல்சன். மகன் சொல்லி முடித்ததும் அந்த அப்பா கத்தவில்லை, அடிக்கவில்லை. அந்த இடைவெளியில் அவர் முகத்தில் ஒரு கணக்கு ஓடுகிறது பாருங்கள், பிள்ளையைக் காப்பாற்றுவதா, ஒப்படைப்பதா என்று. கடலோர வீட்டில் போய் இரு என்று அனுப்பிவிடுகிறார். தனியாக அந்த வீட்டில் ரிச்சர்ட் போடும் ஓலம் எனக்கு ஒரு வாரம் காதை விட்டுப் போகவில்லை. அதன் பிறகு படம் தண்டனை எதையும் தருவதில்லை. பையன் கல்லூரிக்குப் போகிறான். நம்மால்தான் எழுந்து போக முடியவில்லை.

மறுகரை:

எல்லோரும் ஒரே பக்கம் நிற்கிறீர்கள், நான் இந்தப் பக்கம் வருகிறேன்.

முதல் மூன்று படங்களுக்கு நீங்கள் சொல்வது எல்லாம் சரி. 'கராஜ்' நான் பார்த்த ஐரிஷ் படங்களிலேயே தலைசிறந்தது. பேட் ஷார்ட் அங்கே பெரிய காமெடியன், மேடையில் வந்து நின்றாலே ஜனம் சிரிக்கும். அவரைப் பிடித்து ஜோசியாக்க நெஞ்சுரம் வேண்டும். ஆனால் 'ரூம்' வேறு கதை. கனடாவோடு கூட்டுத் தயாரிப்பு, டொரண்டோவில் படப்பிடிப்பு, ஆங்கிலம் பேசும் உலகம் முழுக்கப் படித்த நாவல். ப்ரீ லார்சனுக்கு ஆஸ்கர் வந்தது, இவருக்கும் சிறந்த இயக்குநர் பரிந்துரை வந்தது. மகிழ்ச்சிதான். ஆனால் ஓர் அறையில் அம்மாவோடு அடைபட்ட பையன் தப்பிக்கும் காட்சியைப் பாருங்கள். பையனைக் கம்பளத்தில் சுருட்டி, வண்டியின் பின்னால் போட்டு, அவன் உருண்டு பிரிந்து முதன்முதலாக வானத்தைப் பார்க்கிறான். இசை மேலே மேலே ஏறுகிறது. அழு, இப்போதே அழு என்று தோளைப் பிடித்து உலுக்குகிறது. ஜோசியின் முகத்தில் சும்மா காத்திருந்த ஆளா இது? ஒட்டும்கத்திரியும் சொல்கிற அதே ரென்னிக்ஸ், அதே நியூஜெண்ட்தானே இங்கேயும்? அப்படியானால் உங்கள் 'காதும் கத்தரிக்கோலும்' எங்கே போயிற்று?

சுதந்திர இயக்குநர் என்ற வார்த்தையை 'ரூம்' வரைக்கும் இழுப்பதில் எனக்குச் சம்மதம் இல்லை.

ஒட்டும்கத்திரியும்:

மறுகரை, கேள்வி நியாயமானது. ஒரு தகவல் மட்டும் திருத்துகிறேன். அந்தக் காட்சியில் ஓடுவது ரென்னிக்ஸ் போட்ட இசை இல்லை. 'திஸ் வில் டெஸ்ட்ராய் யூ' என்ற அமெரிக்கக் குழுவின் 'தி மைட்டி ரியோ கிராண்ட்'. 2011-ல் 'மனிபால்' படத்திலும் அதே இசை வந்தது. அதனால்தான் உங்களுக்கு எங்கேயோ கேட்டது போல, தோளைப் பிடித்து உலுக்குவது போல இருந்திருக்கும். இயக்குநருக்கு அது வேண்டும் என்று தோன்றியிருக்கிறது, வைத்திருக்கிறார். அந்த முடிவோடு எனக்கும் முழு ஒப்புதல் இல்லை. ஆனால் அந்த ஐந்து நிமிடத்தை வைத்து மொத்தப் படத்தையும் தள்ளாதீர்கள்.

அறைக்குள் நடக்கும் முதல் பாதியைப் பாருங்கள். ஏறக்குறைய பத்தடிக்குப் பத்தடி செட். சுவர்களைப் பலகை பலகையாகக் கழற்றும்படி செய்திருந்தார்கள். கழற்றிவிட்டுக் கேமராவைத் தூர வைத்து எடுப்பது எவ்வளவு சுலபம்! ஆனால் லென்ஸ் எப்போதும் சுவருக்கு உள்ளேதான் இருக்க வேண்டும் என்று ஒரு விதி வைத்துக்கொண்டார்கள். கேமராவின் உடம்பு வெளியே இருக்கலாம், கண் வெளியே போகக் கூடாது. பார்க்கிறவனுக்கு இந்த விதி தெரியாது, ஆனால் மூச்சு முட்டுவது தெரியும். பெரிய காசு வந்த பிறகும் தனக்குத்தானே கைவிலங்கு போட்டுக்கொள்கிற ஆளைச் சுதந்திர இயக்குநர் என்று நான் தாராளமாகச் சொல்வேன்.

பழையரீல்:

பணம் யாருடையது என்று மட்டும் பார்த்தால் மறுகரை சொல்வதில் ஒரு சின்னப் பிசகு இருக்கிறது. 'ரூம்' ஹாலிவுட் ஸ்டூடியோ படம் அல்ல. எட் கைனியின் எலிமெண்ட் பிக்சர்ஸ், ஒரு கனடியக் கம்பெனி, பிரிட்டனின் ஃபிலிம்4, ஐரிஷ் வாரியம் எல்லாம் கைகோத்தது. அமெரிக்காவில் வெளியிட்டதும் பெரிய ஸ்டூடியோக்களைச் சாராத ஏ24 நிறுவனம். நாவல் வந்து உலகமே துரத்திய நேரத்தில் இவர் டானஹியூவுக்கு ஒரு நீண்ட கடிதம் எழுதினார், இந்தப் படத்தை எப்படி எடுக்க வேண்டும், ஏன் தன்னால் முடியும் என்று. அப்போது இவர் எடுத்திருந்தவை சின்ன ஐரிஷ் படங்கள் மட்டுமே. பெரிய பெயர்களை விட்டுவிட்டு அந்த அம்மாள் இவரிடம் கொடுத்தார். கல்லூரியில் வீடியோ சங்கம் ஆரம்பித்த அதே நண்பரோடு போய் ஆஸ்கர் மேடைக்கு முன்னால் உட்கார்ந்தார். இதைச் சுதந்திரம் என்று சொல்லாமல் வேறு எதைச் சொல்வது?

நிலாமுற்றம்:

இழையைத் தாமதமாகப் பார்த்தேன். 'ஃப்ராங்க்' பற்றி யாருமே பேசவில்லையே! மைக்கேல் ஃபாஸ்பெண்டர் மாதிரி ஒரு முகத்தைக் கொண்டுவந்து, படம் முக்கால்வாசிக்கும் காகிதக்கூழில் செய்த பொய்த்தலைக்குள் மூடி வைத்த துணிச்சலுக்கே கும்பிடு போடலாம். ஃப்ராங்க் பாடும் இசைக்குழு வாசிக்கும் பாட்டுகளை நடிகர்களே நிஜமாக வாசித்துப் படமாக்கினார்கள். கடைசியில் அந்தத் தலை இல்லாமல் மதுக்கடையில் அவர் பாடும்போது, அவ்வளவு நேரம் மறைத்தது எதற்கு என்று புரிகிறது.

'நார்மல் பீப்பிள்' முடிவு பற்றியும் சொல்ல வேண்டும். கடைசி எபிசோடில் காதலர்கள் கானலும் மரியானும் தரையில் உட்கார்ந்து, அவன் நியூயார்க் போவதைப் பற்றிப் பேசுகிற காட்சி, அப்பப்பா. அதுதான் ஏப்ரஹாம்சன் முத்திரை. வசனத்துக்குப் பிந்திய நேரம் என்று மேலே சொன்னீர்களே, அது அப்படியே இருக்கிறது.

லிஃபிக்கரை:

நிலாமுற்றம், ஒரு சின்னத் திருத்தம், தப்பாக நினைக்க வேண்டாம். பன்னிரண்டு எபிசோடில் முதல் ஆறுதான் ஏப்ரஹாம்சன் இயக்கியவை. பின் ஆறும், நீங்கள் சொல்கிற அந்தக் கடைசிக் காட்சியும், ஹெட்டி மெக்டொனால்டு என்கிற பெண் இயக்குநருடையவை. அவர் பெயரை யாருமே சொல்வதில்லை என்பது எனக்கு ஒரு வருத்தம்.

அந்தத் தொடர் 2020 ஏப்ரல் கடைசியில் வந்தது. ஊரடங்கு நேரம். நாங்கள் வார்டில் முகக்கவசத்தோடு பன்னிரண்டு மணிநேரம் நின்றுவிட்டு வந்து, இரவில் ஆளுக்கொரு அறையில் அதைப் பார்த்தோம். படுக்கையறைக் காட்சிகளைக் கண்டித்து இங்கே வானொலி நிகழ்ச்சிக்கு ஜனங்கள் போன் செய்து சண்டை போட்டார்கள். எனக்கு அந்தக் காட்சிகளில் பட்டது வேறு. யாரும் யாரையும் தொட முடியாத மாதம் அது. இரண்டு பேர் ஒருவரை ஒருவர் இது சரியா, நிறுத்தட்டுமா என்று கேட்டுக்கொண்டு தொடுகிறார்கள். அதைப் படமாக்கவே ஈட்டா ஓப்ரையன் என்ற பயிற்சியாளரை வைத்துக்கொண்டார்கள், நடிகர்களுக்குச் சங்கடம் வராமல் பார்த்துக்கொள்ள. நோயாளியின் உடம்பைத் தொடும் முன்னால் கேட்டுவிட்டுத் தொட வேண்டும் என்பது எங்கள் வேலையில் முதல் பாடம். அதே மரியாதையைத் திரையில் அன்றுதான் பார்த்தேன்.

கடைசிவரிசை:

அக்கா, நீங்கள் சொன்ன ஹெட்டி மெக்டொனால்டு விஷயம் என் கேள்வியையே ஆட்டிவிட்டது. நானும் அந்தக் கடைசிக் காட்சியை இவர் கணக்கில்தான் எழுதி வைத்திருந்தேன்! அப்படியானால் ஒன்று, முதல் ஆறில் இவர் போட்ட தாளத்தை மெக்டொனால்டு பிடித்துக்கொண்டார். அல்லது நான் 'இவருடையது' என்று நினைப்பதில் பாதி நியூஜெண்டுடையதும் ரென்னிக்ஸுடையதும். ஒட்டும்கத்திரியும் சொன்னது இப்போது இன்னும் உறைக்கிறது.

ஆனால் ஒன்றை மட்டும் விட்டுக்கொடுக்க மாட்டேன். யாரைப் பார்ப்பது என்று தேர்ந்தெடுத்தது இவர். போதைக்கு அடிமையான இரண்டு பேர், பெட்ரோல் பங்க் ஜோசி, தலையைக் கழற்றாத பாடகன், அடைபட்ட தாயும் பிள்ளையும். எழுத்தாளர்கள் வேறு வேறு. ஒவ்வொரு முறையும் அந்த எழுத்தைக் கையில் எடுத்தது ஒரே ஆள். 'ஆடம் அண்ட் பால்' முடிவையும் இங்கே சொல்லிவிடுகிறேன். விடிகாலைக் கடற்கரை, தூரத்தில் பூல்பெக் மின்நிலையத்தின் இரட்டைப் புகைபோக்கி. ஆடம் எழவில்லை. பால் உட்கார்ந்து பார்க்கிறான், எழுந்து நடக்கிறான். அப்புறம் திரும்பி வருகிறான். அழ வருகிறானோ என்று நாம் நினைக்கும்போது நண்பனின் சட்டைப்பையில் மிச்சமிருந்த போதைமருந்தை எடுத்துக்கொண்டு போகிறான். அவனைக் கேவலமாக நினைக்க நமக்கு அனுமதியே இல்லை. அன்று முழுக்கக் கூடவே நடந்திருக்கிறோமே.

மறுகரை:

நேற்று ராத்திரி 'ரூம்' மறுபடி பார்த்தேன், உங்கள் எல்லோருக்காகவும். தப்பிக்கும் காட்சி பற்றி நான் சொன்னதில் மாற்றம் இல்லை, அந்த இசை எனக்கு இன்னும் அதிகம்தான்.

ஆனால் கடைசியில் பையன் கேட்டு, இரண்டு பேரும் அந்த அறைக்குத் திரும்பப் போகிறார்கள். போலீஸ் சாமானையெல்லாம் எடுத்துப் போயிருக்கிறது. கதவு திறந்து கிடக்கிறது. கதவு திறந்திருந்தால் இது அறையே இல்லை என்கிறான் பையன். சுருங்கிப்போச்சா என்று கேட்கிறான். மிச்சமிருக்கும் ஒவ்வொன்றிடமும் விடைபெறுகிறான். அம்மாவையும் சொல்லச் சொல்கிறான். அவள் சொல்கிறாள், உதடு மட்டும் அசைகிறது. சத்தம் இல்லை.

அந்த இடத்தில் நிறுத்தித் திரும்பப் போட்டேன், மூன்று தடவை. ஏழு வருடம் அடைத்து வைத்திருந்த இடத்துக்கு விடை சொல்ல அவளுக்குக் குரல் வரவில்லை, ஆனால் மகனுக்காகச் சொல்லியாக வேண்டும். இசை அங்கே அவளைத் தொந்தரவு செய்யவில்லை. கேமராவும் அவளை அவசரப்படுத்தவில்லை. கடைசிவரிசை, நீங்கள் ஜோசியிடம் பார்த்த அதே நேரம்தான் அது. ஒத்துக்கொள்கிறேன். அந்தக் குரலை நீக்கியது எழுதியவரா, இயக்கியவரா, ப்ரீ லார்சனா என்று நாளைக்குப் பேசுவோம்.